கர்த்தர் உண்மையுள்ளவர் என்றால் என்ன அர்த்தம்?

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, வாசலில் ஒரு தாம்பாளத்தில், வேதாகமத்து வாக்குறுதிகள் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். பார்க்காமல் ஒன்றை எடுக்கவேண்டும். அதில் இருக்கும் வசனம்தான் அந்த வருஷத்துக்குக் கர்த்தர் நமக்குத் தருவது என்று ஒரு நம்பிக்கை. பாலக்கோடு பக்கம் இருக்கும் எங்கள் சபையிலும் இந்த வழக்கம் உண்டு. பனி கொட்டிக்கொண்டிருக்கும். கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்த பாட்டிகள், "இதுல என்ன போட்டிருக்கு, படிச்சு சொல்லு கண்ணு" என்று போகிற வருகிறவர்களிடம் எல்லாம் அட்டையை நீட்டுவார்கள்.

அப்படி ஒரு வருஷம் ஒரு தம்பி எரேமியா 29:11-ஐ எடுத்தான். ஓசூரில் ஒரு கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தவன். "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன் என்று கர்த்தர் சொல்லுகிறார், அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." அவன் எதிர்பார்த்த முடிவு வேலை நிரந்தரமாவது. அட்டையைப் பர்சில் ஏடிஎம் கார்டுக்குப் பின்னால் செருகிக்கொண்டான். ஏப்ரலில் ஒப்பந்தம் முடிந்தது என்று நிறுத்திவிட்டார்கள். அதே கோடையில் அவன் அப்பா குத்தகைக்கு எடுத்திருந்த மாந்தோப்பிலும் காய் பிடிக்கவில்லை. ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, புதிதாக வந்தவர்களுக்கு நான் எடுக்கும் வகுப்பில், பர்சைத் திறந்து அந்த அட்டையை பெஞ்சில் எடுத்து வைத்தான். மூலையெல்லாம் மடங்கிப்போயிருந்தது.

"நான் விசுவாசிச்சேன்ணா. நடக்கல. என் விசுவாசம் பத்தலயா, இல்ல அவரு சொன்னத மறந்துட்டாரா?"

அன்றைக்கு என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. பிறகு பல வாரம் சேர்ந்து பேசிப் பேசித் தெளிந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். விசுவாசத்துக்குப் புதிதாக வந்தவர்களையும், வெளியிலிருந்து இதெல்லாம் என்ன என்று பார்க்கிறவர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சொல்லைப் பார்ப்போம்

"கர்த்தர் உண்மையுள்ளவர்" என்று சபையில் அடிக்கடி சொல்கிறோம். இந்த "உண்மை"தான் புதியவர்களைக் குழப்புகிறது. பேச்சில் உண்மை என்றால் பொய்க்கு எதிர்ப்பதம். "உண்மையச் சொல்லு, நீதானே உடைச்ச?" என்கிறோமே, அது. ஆனால் புலம்பல் 3:23-ல் "உமது உண்மை பெரிதாயிருக்கிறது" என்று வரும்போது, கடவுள் பொய் சொல்லமாட்டார் என்பது மட்டும் அதன் பொருள் இல்லை. அங்கே எபிரெயத்தில் இருக்கும் சொல் "எமுனா". உறுதி, அசையாமை, மேலே சாய்ந்தாலும் சரியாமல் தாங்குவது என்றெல்லாம் அதற்கு அர்த்தம். ஜெபம் முடிந்ததும் சொல்லும் "ஆமென்" இதே வேரிலிருந்துதான் வருகிறது.

இந்தச் சொல் வேதாகமத்தில் முதன்முதலில் வரும் இடம் யாத்திராகமம் 17. அங்கே அது கடவுளைப் பற்றிய சொல்லாகவே இல்லை. ஒரு கிழவரின் கைகளைப் பற்றியது. இஸ்ரவேலருக்கு அமலேக்கியர் என்ற ஜனத்தோடு யுத்தம் நடக்கிறது. அவர்களை நடத்திய மோசே மலைமேல் நின்று கைகளை உயர்த்தியிருந்தால் இஸ்ரவேல் ஜெயிக்கிறது, தாழவிட்டால் தோற்கிறது. எவ்வளவு நேரம்தான் கையைத் தூக்கிக்கொண்டே இருக்க முடியும்? ஒரு கல்லைக் கொண்டுவந்து அவரை உட்கார வைத்து, ஆரோன் ஒரு பக்கமும் ஊர் என்பவர் மறுபக்கமும் தாங்கிப் பிடிக்கிறார்கள். (வகுப்பில் இதைச் சொன்னதும் "எந்த ஊருண்ணா?" என்று கட்டாயம் ஒருவர் கேட்பார்.) பொழுது சாயும்வரை அவர் கைகள் "ஒரே நிலையில்" இருந்தன என்கிறது தமிழ் வேதாகமம். அந்த "ஒரே நிலை"தான் எமுனா.

தேவன் உண்மையுள்ளவர் என்றால், காலையில் எந்த நிலையில் இருந்தாரோ சாயங்காலமும் அதே நிலையில் இருக்கிறவர் என்று பொருள். சொன்ன சொல்லிலிருந்து நகராதவர். நம் பக்கத்துப் பேச்சில் இதற்கு நல்ல சொல் ஒன்று இருக்கிறது: நாணயம்.

மண்டிச் சீட்டு

என் அப்பா பாலக்கோடு தக்காளி மண்டிக்குக் காய் போட்டவர். எழுதப் படிக்கத் தெரியாது. விடியுமுன் பெட்டிகளை இறக்குவார், ஏலம் போகும், மண்டிக்காரர் ஒரு துண்டுச் சீட்டில் பெட்டிக் கணக்கையும் விலையையும் பென்சிலால் கிறுக்கிக் கொடுப்பார். பணம் அப்புறம்தான். அந்தச் சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்து சாமான் டப்பாவுக்கு அடியில் வைப்பார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எங்களிடம்கூடக் கேட்டதில்லை. சின்ன வயதில் ஒருமுறை நான் கேட்டேன், "காசு குடுக்கலன்னா என்னப்பா பண்ணுவ?" அவர் பல் விளக்கிக்கொண்டிருந்தார். வேப்பங்குச்சியை வாயிலிருந்து எடுக்காமலே சொன்னார், "அவன் நாணயக்காரன்டா."

அவ்வளவுதான். மறுவாரம் விலை அதலபாதாளத்துக்குப் போயிருந்தாலும், சீட்டில் எழுதின விலைக்குப் பணம் வந்துவிடும்.

ஆனால் ஒரு வருஷம், அதிக விலை தருகிறேன் என்று சொன்ன இன்னொருவரிடம் அப்பா காய் போட்டார். தூரத்துச் சொந்தம் வேறு. அதனால் முதல் ஆளைவிட இவரை இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே நம்பினார், சீட்டுகூட வாங்கவில்லை. ஒரு காசு வரவில்லை.

இதை யோசித்துப் பாருங்கள். அப்பாவின் நம்பிக்கை இரண்டாவது ஆளிடம்தான் பெரிதாக இருந்தது. பணம் வந்தது முதல் ஆளிடமிருந்து. நம்புகிறவன் எவ்வளவு பலமாக நம்பினான் என்பதில் ஒன்றும் இல்லை, நம்பப்படுகிறவர் யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அந்தத் தம்பி "என் விசுவாசம் பத்தலயா" என்று கேட்டபோது, தன் பையில் இருக்கும் சீட்டை இறுக்கிப் பிடித்தால் பணம் வந்துவிடும் என்று நினைப்பது போலத்தான் இருந்தது. சீட்டை இறுக்கிப் பிடித்தாலும் தளர்வாகப் பிடித்தாலும் மண்டிக்காரர் மாறப்போவதில்லை.

இயேசுவிடம் வந்த ஒரு தகப்பனை மாற்கு 9-ல் பார்க்கலாம். பிள்ளைக்கு வலிப்பு மாதிரி வந்து தீயிலும் தண்ணீரிலும் விழுகிறான். அந்த மனிதன் சொன்னது, "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்." பாதி விசுவாசம், பாதி சந்தேகம். இயேசு அவனை, போய் முழுசாக விசுவாசித்துவிட்டு வா என்று திருப்பி அனுப்பவில்லை. பிள்ளையைச் சுகமாக்கினார்.

"விசுவாசம்" என்ற சொல்லிலேயே ஒரு வேடிக்கை இருக்கிறது. சபைக்கு வெளியே அந்தச் சொல்லை எங்கே கேட்கிறோம்? "நாய்க்கு இருக்கிற விசுவாசம் மனுஷனுக்கு இல்ல." அங்கே அது நம்புவதைக் குறிக்கவில்லை, விட்டுப் போகாமல் இருப்பதைக் குறிக்கிறது. சபைக்குள் வந்தால் அதே சொல் நம்புவதைக் குறிக்கிறது. புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல்லான "பிஸ்டிஸ்" என்பதும் இப்படித்தான், நம்புதலுக்கும் நம்பகத்துக்கும் அது ஒன்றே. பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது இந்த இரண்டு பக்கத்தையும் ஒரே வரியில் வைக்கிறார்: "நாம் உண்மையில்லாதவர்களாயிருந்தாலும், அவர் உண்மையுள்ளவராயிருக்கிறார், அவர் தம்மைத்தாம் மறுதலிக்கமாட்டார்." நம் பக்கம் ஆடினாலும் அவர் பக்கம் ஆடாது என்கிறார். அவருடைய சுபாவமே அது.

நாணயம் மட்டும் போதுமா?

போதாது. மண்டிக்காரர் நாணயமானவர்தான், ஆனால் எங்கள் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்று அவருக்குத் தெரியாது. கணக்குச் சரியாக இருக்கும், பாசம் இருக்கவேண்டும் என்ற அவசியம் இல்லை. வேதாகமம் கடவுளின் உண்மையைப் பெரும்பாலும் தனியாகச் சொல்வதில்லை. கூடவே இன்னொரு சொல்லைச் சேர்த்துவிடும். எபிரெயத்தில் அது "ஹெசெத்".

பழைய மொழிபெயர்ப்பில் இது பல இடங்களில் "கிருபை" என்று வரும். நம் கத்தோலிக்க நண்பர்கள் கையில் இருப்பது திருவிவிலியம் என்ற மொழிபெயர்ப்பு. அதில் இதே சொல் "பேரன்பு" என்று இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசித்தால் நல்லது. கிருபை என்றதும் நமக்கு ஏதோ மேலிருந்து கீழே போடும் தயவு போலத் தோன்றும். பேரன்பு என்றால் வெறும் உணர்ச்சி போலத் தோன்றும். ஹெசெத் இரண்டும் கலந்தது: உறவு என்று ஒன்று ஏற்பட்டுவிட்டதால், கைவிட நியாயம் இருந்தும் கைவிடாத அன்பு. கட்டிக்கொடுத்த பெண்ணின் வீடு நொடித்துப்போனபோது, சண்டையெல்லாம் மறந்து அரிசி மூட்டையோடு போய் நிற்கிற தாய்மாமனிடம் இதன் சாயல் கொஞ்சம் இருக்கிறது.

இந்த அன்பு எப்படிப்பட்ட உறுதியின்மேல் நிற்கிறது என்பதற்கு ஆதியாகமம் 15-ஐ வாசியுங்கள். வேதாகமத்தில் விசித்திரமான அதிகாரங்களில் ஒன்று. அந்தக் காலத்தில் உடன்படிக்கை செய்யும்போது மிருகங்களை இரண்டாகப் பிளந்து எதிரெதிராக வைத்து நடுவே கடந்துபோவார்கள். வாக்கை மீறினால் எனக்கும் இந்தக் கதிதான் என்று அர்த்தம். எரேமியா 34-லும் இந்த வழக்கம் வருகிறது. ஆபிராம் (பிறகு ஆபிரகாம்) மிருகங்களைப் பிளந்து வைக்கிறார். பறவைகள் வந்து இறங்குகின்றன, துரத்துகிறார். பொழுது சாய்கிறது, அயர்ந்த தூக்கம் வந்துவிடுகிறது. அப்போது புகைகிற சூளையும் அக்கினி ஜுவாலையும் அந்தத் துண்டங்களின் நடுவே கடந்துபோகின்றன. ஆபிராம் கடக்கவில்லை. ஒப்பந்தத்தின் பாரம் முழுவதையும் ஒரு தரப்பே ஏற்றுக்கொண்டது, மறுதரப்பு தூங்கிக்கொண்டிருந்தது.

பிள்ளை தருவேன் என்று அப்படி வாக்கு வாங்கியவர் எவ்வளவு காத்திருந்தார்? ஆரானைவிட்டுப் புறப்படும்போது ஆபிராமுக்கு 75 வயது. ஈசாக்கு பிறக்கும்போது 100. 25 வருஷம். நடுவில் பொறுமை போய், அடிமைப்பெண் ஆகார் மூலமாகக் குறுக்குவழியும் பார்த்தார், 86 வயதில் இஸ்மவேல் பிறந்தான். விசுவாசிகளின் தகப்பன் என்று நாம் சொல்லும் ஆளின் லட்சணமே இதுதான். வாக்குக் கொடுத்தவர் மட்டும் மாறவில்லை.

கிறிஸ்தவர்கள் சிலுவையைப் பார்க்கும்போது இதையேதான் பார்க்கிறோம். வாக்கை மீறியவர்கள் நாம், பிளவுபட்டது அவர். "நாம் பாவிகளாயிருக்கையில் கிறிஸ்து நமக்காக மரித்ததினாலே" தேவன் தம் அன்பை விளங்கப்பண்ணினார் என்று ரோமர் 5:8 சொல்கிறது. நாம் திருந்தியபின் என்று அங்கே இல்லை. கடவுள் என்னை நேசிக்கிறாரா என்று சம்பள நாளை வைத்தோ பரிசோதனை ரிப்போர்ட்டை வைத்தோ கணக்குப் போடாமல் இந்த ஒரு இடத்தை வைத்துக் கணக்குப் போடச் சொல்கிறது புதிய ஏற்பாடு.

சரி, அந்த அட்டை?

அடுத்த வாரம் நாங்கள் எரேமியா 29-ஐ முதல் வசனத்திலிருந்து வாசித்தோம். அது ஒரு கடிதம். எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்ட ஜனங்களுக்கு எரேமியா எழுதியது. அவர்களுக்கு வேண்டியதெல்லாம் எப்போது ஊருக்குத் திரும்புவோம் என்ற ஒரே பதில். முந்தின அதிகாரத்தில் அனனியா என்றொரு தீர்க்கதரிசி, இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று கர்த்தர் பேரால் சொல்கிறான். கேட்பதற்கு நன்றாக இருந்திருக்கும், எத்தனை பேர் ஆமென் சொன்னார்களோ. எரேமியாவின் கடிதம் சொல்வது வேறு: அங்கேயே வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போடுங்கள், அதன் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள். 10-ஆம் வசனத்தில், எழுபது வருஷம் நிறைவேறின பின்பு உங்களைச் சந்திப்பேன் என்கிறார். அதற்கு அடுத்த வசனம்தான் அட்டையில் இருப்பது.

தம்பி விரல் வைத்து 10-ஆம் வசனத்தை இரண்டு தடவை வாசித்தான். "எழுபது வருஷமா? இத ஏண்ணா அட்டையில போடல?"

நியாயமான கேள்வி. அட்டை அச்சடிக்கிறவர்களிடம் நானும் இதைக் கேட்கவேண்டும் என்று நினைத்திருக்கிறேன்.

இன்னொன்றும் கவனித்தோம். நம் பழைய மொழிபெயர்ப்பில் "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவு" என்று இருப்பதை வாசிக்கும்போது, நான் எதை எதிர்பார்க்கிறேனோ அது நடக்கும் என்று காதில் விழுகிறது. எபிரெயத்தில் இருப்பதோ வரப்போகும் காலமும் நம்பிக்கையும் என்ற அளவில்தான். என் பட்டியலுக்குக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. உங்களுக்கு ஓர் எதிர்காலம் உண்டு, அதை நான் கையில் வைத்திருக்கிறேன், அதுவரை அங்கே கத்தரிக்காயோ வெண்டைக்காயோ போட்டு வாழுங்கள் என்பதுதான் சேதி. தருமபுரியிலிருந்து பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய், இந்தத் தீபாவளிக்குத் திரும்பிவிடலாம், அடுத்த பொங்கலுக்குத் திரும்பிவிடலாம் என்று பெட்டியைப் பிரிக்காமலே வருஷக்கணக்கில் வாழ்கிற நம் சொந்தக்காரர்களுக்கு இந்தக் கடிதம் நன்றாகப் புரியும்.

காப்பாற்றாத நாட்கள்

இங்கேதான் நான் கொஞ்சம் கறாராகப் பேசுவேன். கடவுள் உண்மையுள்ளவர் என்பதற்கு, எனக்கு ஒன்றும் ஆகாது என்று அர்த்தம் சொல்லிக்கொடுப்பது புதியவர்களுக்குச் செய்யும் துரோகம்.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. பேருந்து நிலையத்துப் பக்கம் நின்றிருந்த வண்டிகளை வெள்ளம் இழுத்துக்கொண்டு போன வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அடுத்த ஞாயிறு எங்கள் சபையில் சாட்சி நேரம். அந்தப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒருவர் எழுந்து, "எங்க தெருவுக்குள்ள ஒரு சொட்டுத் தண்ணி வரல, தேவன் உண்மையுள்ளவர்" என்றார். எல்லோரும் அல்லேலூயா சொன்னோம். இரண்டு வரிசை தள்ளி ஒரு அக்கா உட்கார்ந்திருந்தார். அவர் அம்மா வீடும் ஊத்தங்கரைதான். வருஷத்துக்கு வைத்திருந்த ராகி மூட்டைகள் நனைந்து முளைவிட்டுக் கிடந்ததை முந்தின நாள்தான் வாரிக் கொட்டிவிட்டு வந்திருந்தார். அவர் அல்லேலூயா சொன்னாரா என்று நான் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் வரவில்லை. அந்தத் தெருவில் உண்மையுள்ளவராக இருந்தவர் இந்தத் தெருவில் இல்லையா?

சாட்சி சொன்னவர் மேல் தப்பு இல்லை. நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் தண்ணீர் வராததைக் கடவுளின் உண்மைக்கு நிரூபணம் என்று ஆக்கினால், தண்ணீர் வந்த வீட்டில் அவர் பொய்யராகிவிடுவார். வேதாகமம் அந்தத் தவறைச் செய்வதில்லை. ஆபகூக் தீர்க்கதரிசியின் கடைசி வரிகளை எடுத்துக்கொள்ளுங்கள். அத்திமரம் துளிர்விடாமற்போனாலும், திராட்சச்செடிகளில் பழம் உண்டாகாமற்போனாலும், ஒலிவமரத்தின் பலன் அற்றுப்போனாலும், வயல் விளையாவிட்டாலும், கிடையில் ஆடும் தொழுவத்தில் மாடும் இல்லாமற்போனாலும், "நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன்" என்கிறார். அத்திக்குப் பதிலாக மாமரத்தையும் ஒலிவத்துக்குப் பதிலாகப் புளியமரத்தையும் போட்டால் இது கிருஷ்ணகிரி மாவட்டத்துக் குடியானவரின் ஒரு மோசமான வருஷக் கணக்கு. பூ உதிர்ந்து, பெங்களூரா மாங்காய்க்குக் கூழ் ஃபேக்டரியில் விலையும் படுத்துக்கொண்ட வருஷத்தில் யார் வீட்டிலாவது இதை வாசித்துப் பாருங்கள். யாரும் உடனே ஆமென் சொல்லமாட்டார்கள். சொல்லவும் தேவையில்லை.

தானியேல் புத்தகத்தில் அக்கினிச் சூளைக்கு முன்னால் நின்ற மூன்று பேர், எங்கள் தேவன் தப்புவிக்க வல்லவர் என்று சொல்லிவிட்டு, "விடுவிக்காமற்போனாலும்" என்று ஒரு வார்த்தை சேர்த்தார்கள். அந்த ஒரு வார்த்தை இல்லாத விசுவாசத்தை நான் நம்புவதில்லை.

நம் மண்ணிலேயே ஒரு உதாரணம் உண்டு. ஜெர்மானியரான தியோடர் நேத்தர், அமெரிக்காவின் மிசௌரி லுத்தரன் சபை அனுப்பி 1895-ல் கிருஷ்ணகிரியில் ஊழியம் தொடங்கினார். 9 வருஷம் கழித்து, 1904-ல், பிளேக் நோயில் இங்கேயே இறந்துபோனார். அவர் தொடங்கியதிலிருந்து வளர்ந்த லுத்தரன் சபை இன்றும் இருக்கிறது. கடவுள் அவரை ஏன் பிளேக்கிலிருந்து காக்கவில்லை என்பதற்கு என்னிடம் பதில் கிடையாது. பதில் வைத்திருக்கிறேன் என்று சொல்கிறவர்களிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள்.

"உமது உண்மை பெரிதாயிருக்கிறது" என்ற வசனம் எங்கே எழுதப்பட்டது என்று பார்த்தால் இது இன்னும் விளங்கும். கி.மு. 586-ஐ ஒட்டி எருசலேம் பாபிலோனியரிடம் விழுந்து, ஆலயம் எரிந்து, தெருவில் பிள்ளைகள் பசியால் மயங்கிக் கிடந்தபிறகு பாடப்பட்ட ஒப்பாரிகள்தான் புலம்பல் புத்தகம். ஐந்து பாட்டு. முதல் நான்கும் எபிரெய அகரவரிசைப்படி, நம் பிள்ளைகள் அ-வுக்கு ஒரு வரி ஆ-வுக்கு ஒரு வரி சொல்வது போல, 22 எழுத்துக்கும் கட்டப்பட்டவை. மூன்றாவது பாட்டில் மட்டும் எழுத்துக்கு மூன்றாக 66 வசனம். அழுகையைக்கூட அ முதல் கடைசி எழுத்துவரை ஒன்றுவிடாமல் அழுதிருக்கிறார்கள். அந்த மூன்றாவது பாட்டில் 18-ஆம் வசனம், என் பெலனும் நம்பிக்கையும் அழிந்துபோயிற்று என்கிறது. நான்கு வசனம் தள்ளி, "அவருடைய இரக்கங்களுக்கு முடிவில்லை. அவைகள் காலைதோறும் புதியவைகள்" என்று வருகிறது. நடுவில் என்ன நடந்தது? ஒன்றும் நடக்கவில்லை. நகரம் எரிந்தபடியேதான் இருக்கிறது. "இதை என் மனதிலே வைத்து" என்று மட்டும் சொல்கிறார். அந்த நம்பிக்கையும் நிலையாக நின்றுவிடவில்லை, புத்தகம் முடிவது திரும்பவும் ஒரு கேள்வியில்தான்.

ஆகவே, அழுதால் விசுவாசம் குறைவு என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். சங்கீதம் 13 "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று தொடங்குகிறது. நம்பாதவன் யாரிடம் போய் இப்படிக் கேட்பான்?

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். நம்புவது வேறு, சோதித்துப் பார்ப்பது வேறு. இயேசுவை ஆலயத்து உப்பரிகைமேல் நிறுத்தி, குதியும், தூதர்கள் தாங்குவார்கள் என்று பிசாசு சொன்னபோது அவன் எடுத்ததும் ஒரு வாக்குத்தத்த வசனம்தான், சங்கீதம் 91. இயேசு குதிக்கவில்லை. நம் மாவட்டங்களில் பல இடங்களில் போர்வெல் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். பார்க்கத் தெளிவாக இருக்கும், கொதிக்க வைத்தாலும் போகாது, வருஷங்கள் கழித்துப் பல்லிலும் எலும்பிலும் தெரியும். இதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. அந்தத் தண்ணீர் தெருவுக்கு வந்தபிறகும், ஜெபித்துவிட்டு போர்வெல் தண்ணீரையே குடிப்பேன் என்று ஒருவர் சொன்னால் அது விசுவாசம் ஆகாது. சர்க்கரை மாத்திரையை நிறுத்துவதும் அப்படியே. ஒகேனக்கல் குழாயும் மருந்துக்கடையும் அவருடைய இரக்கத்துக்கு வெளியே இருப்பவை இல்லை.

எங்கிருந்து தொடங்குவது?

ரூத் புத்தகத்திலிருந்து தொடங்கலாம். நான்கே அதிகாரம், பஸ்ஸில் தருமபுரியிலிருந்து சேலம் போவதற்குள் முடித்துவிடலாம். பஞ்சத்தில் ஊரைவிட்டுப் போய், கணவனையும் இரண்டு மகன்களையும் பறிகொடுத்துத் திரும்பும் நகோமி, என்னை இனி மாராள், கசப்பானவள், என்று கூப்பிடுங்கள் என்கிறாள். கடவுள் அவளுக்கு வானத்திலிருந்து பதில் எதுவும் சொல்வதில்லை. மருமகள் ஒருத்தி கூடவே வருகிறாள், வயல்காரர் ஒருவர் வேண்டுமென்றே கதிரைச் சிந்தவிடச் சொல்கிறார். ஹெசெத் என்ற சொல் அந்தச் சின்னக் கதையில் மூன்று இடத்தில் வருகிறது. மோசேயின் கையைப் பிடித்தவர்களும் மனிதர்கள்தானே. ஜெபம் வராத நாட்களில் தனியாக முட்டிக்கொண்டிருக்காமல் இரண்டு பேரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தம்பி அந்த வருஷம் முழுக்க வகுப்புக்கு வந்தான், பாதி நாள் வாயே திறக்கவில்லை. அவனுக்குப் பதிலாக மற்றவர்கள் ஜெபித்தார்கள். வேலை கிடைத்ததா என்று கேட்பீர்கள். நிரந்தர வேலை இன்னும் இல்லை. மாமா மண்டியில் கணக்கு எழுதுகிறான்.

அப்புறம் சங்கீதம் 136. 26 வசனம், 26 முறையும் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்று முடியும். கண்ணால் வாசித்தால் சலிப்பாக இருக்கும், இது வாய்விட்டு வாசிக்கவேண்டிய பாட்டு. ஒருவர் முதல் பாதியைச் சொல்ல, மற்றவர்கள் அந்த வரியைச் சொல்லவேண்டும். எங்கள் வீட்டில் இரவு குடும்ப ஜெபத்தில் வாரம் ஒருநாள் இது உண்டு. வானத்தை உண்டாக்கினவர், சூரியனைப் படைத்தவர் வரை பிள்ளைகள் ஒழுங்காகச் சொல்வார்கள். செங்கடலில் வேகம் கூடிவிடும். எமோரியரின் ராஜாவாகிய சீகோனைத் தாண்டி, பாசானின் ராஜாவாகிய ஓக் வரும்போது சின்னவள் சிரிக்க ஆரம்பித்துவிடுவாள், ஓக் என்ற பேரை அவளால் தாங்க முடியாது. அவளைப் பார்த்து அம்மாவும் சிரிப்பார். ராஜாக்கள் எல்லாம் முடிந்து, "மாம்சதேகமுள்ள யாவுக்கும் ஆகாரங்கொடுக்கிறவரைத் துதியுங்கள்" என்ற 25-ஆம் வசனத்துக்கு வருவதற்குள் அடுப்படியில் களி ஆறிப்போயிருக்கும்.